ஓய்வூதியமும் விலைவாசியும்

(அரசு அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுக்கு இருமுறை நாளிதழ்களில் ஒரு செய்தி வெளியாகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படியும், ஓய்வூதியம் பெறுவோருக்கு அகவிலை நிவாரணமும் இத்தனை சதவிகிதம் உயர்த்தப்பட்டுள்ளன என்பதே அச்செய்தி. அதைப் படிப்பவர்களில் பலர், அரசு ஊழியர்களுக்கு மீண்டும் ஓர் ஊதிய உயர்வு கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். இந்த எண்ணம் எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பதை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன். ஓய்வூதியம் பெறுவோரைப் பற்றியே பெரிதும் பேசப் போகிறேன். பணியில் இருப்பவருக்குப் பதவி உயர்வும் ஆண்டு ஊதிய உயர்வும் உண்டு. ஓய்வு பெற்றவருக்கோ விலைவாசி ஏறும்போது கைகொடுப்பது பெரும்பாலும் இந்த நிவாரணம் ஒன்றுதான்.

தொகை நிற்கிறது, மதிப்பு கரைகிறது

ஒரு கணக்குடன் தொடங்குவோம். ஒருவர் அறுபதாம் வயதில் மாதம் 10,000 ரூபாய் ஓய்வூதியத்துடன் ஓய்வு பெறுகிறார். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் வீதம் உயர்கிறது. ஓய்வூதியத் தொகையில் எந்த மாற்றமும் இல்லை எனக் கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளில் அத்தொகையின் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். அவர் எண்பத்தைந்தாம் வயதை எட்டும்போது, அந்த 10,000 ரூபாய் தொடக்க நாளில் 2,330 ரூபாய் வாங்கிய பொருள்களையே வாங்கும். அரசு ஒரு பைசாவும் குறைக்கவில்லை; ஆயினும் ஓய்வூதியத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. மருந்துச் செலவு கூடி, உழைக்கும் வலிமை குறைந்து, பிறர் உதவியை நாட வேண்டிய வயதில்தான் இந்த இழப்பு முழு அளவில் தாக்குகிறது.

எனவே, விலைவாசிக்கு ஏற்பத் தொகையைத் திருத்துவது புதிய சலுகை ஒன்றை வழங்குவதாகாது. ஓய்வு பெறும் நாளில் உறுதியளிக்கப்பட்ட மதிப்பைக் காப்பாற்றுவதே அதன் பணி. அம்மதிப்பு எவ்வளவு காப்பாற்றப்படுகிறது, யாருக்குக் காப்பாற்றப்படுகிறது என்பவையே நாம் ஆராய வேண்டிய வினாக்கள்.

விதி உருவான வரலாறு

விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் ஓய்வூதியம் பெறுவோருக்கு விலை உயர்வின் பொருட்டு அளிக்கப்பட்ட உதவிகள் அவ்வப்போது அறிவிக்கப்பட்ட தற்காலிக உயர்வுகளாகவே இருந்தன. நீதிபதி ரகுபர் தயாள் தலைமையிலான மூன்றாவது ஊதியக் குழுதான் 1973-இல் இவ்வுதவியை விலைக் குறியீட்டெண்ணுடன் பிணைக்கப் பரிந்துரைத்தது. 1960-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாத சராசரி 16 புள்ளிகள் உயரும்போதெல்லாம் ஓய்வூதியத்தில் 5 சதவிகிதம் நிவாரணம். அது குறைந்தது 5 ரூபாய், கூடினால் 25 ரூபாய் என்பது ஏற்பாடு. குறியீட்டெண் 200 ஆக இருக்கும்போது 16 புள்ளி என்பது 8 சதவிகித உயர்வு. அதற்கு ஈடாகக் கிடைத்தது 5 சதவிகிதமே. 1,000 ரூபாய் ஓய்வூதியம் பெற்றவருக்கு உச்சவரம்பின் காரணமாக இரண்டரை சதவிகிதமே கிட்டியது. ஆயினும், கருணையின் பேரில் கிடைத்துவந்த உதவி ஒரு விதியின் கீழ் வந்தது என்ற வகையில் இது முக்கியமான படியாகும்.

1986 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நான்காவது ஊதியக் குழுவின் ஏற்பாட்டில், 1,750 ரூபாய் வரை ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு விலை உயர்வு முழுமையாக ஈடு செய்யப்பட்டது. 3,000 ரூபாய் வரை பெற்றவர்களுக்கு 75 சதிவிகிதமும், அதற்கு மேல் பெற்றவர்களுக்கு 65 சதவிகிதமும் ஈடு கிடைத்தது. நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின், 1996 முதல், எல்லா நிலையினருக்கும் நூறு சதவிகித ஈடு என்ற நிலை ஏற்பட்டது.

இதற்கிடையே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று ஓய்வூதியம் பற்றிய கண்ணோட்டத்தையே மாற்றியது. 1979 மே மாதத்தில் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியபோது, 1979 மார்ச் 31 அன்றோ அதன் பின்னரோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே அதன் பயன் கிடைக்கும் என வரையறுத்தது. ஒரு நாள் முன்னதாக ஓய்வு பெற்றவருக்குப் பயன் இல்லை. இதனை எதிர்த்து டி. எஸ். நகரா என்னும் ஓய்வு பெற்ற அதிகாரி முதலானோர் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் கொண்ட அரசியல் சட்ட அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. ஏ. தேசாய். ஓய்வூதியம் அரசின் மனப்போக்கைப் பொறுத்த கொடை அன்று, ஆற்றிய பணிக்கு உரிய உரிமை என்றும், ஓய்வு பெற்ற நாளைக் கொண்டு ஒரே வகுப்பினரை இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்திற்கு முரணானது என்றும் அமர்வு கூறியது. டிசம்பர் 17-ஆம் நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

கணக்கிடும் முறை

இப்போதைய முறையை மாணவர்கள் தெளிவாக அறிந்துகொள்வது நலம். சிம்லாவிலுள்ள தொழிலாளர் நலப் புள்ளிவிவர அமைப்பான லேபர் பீரோ, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட இன்றைய வரிசை 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. நாட்டின் 88 தொழில் மையங்களில் விலைகள் திரட்டப்படுகின்றன. பழைய 2001 வரிசையுடன் இணைப்பதற்குப் புதிய எண்ணை 2.88 ஆல் பெருக்க வேண்டும்.

ஏழாவது ஊதியக் குழு கொண்ட தொடக்க அளவு 261.42. இது 2001 வரிசையில் 2015-ஆம் ஆண்டின் சராசரி. பன்னிரண்டு மாத சராசரி இதைக் காட்டிலும் எத்தனை சதவிகிதம் உயர்ந்திருக்கிறதோ, அதுவே நிவாரண விகிதம். எடுத்துக்காட்டாக, 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான சராசரி ஏறத்தாழ 143.6. இதை 2.88 ஆல் பெருக்கினால் சுமார் 413.6 வரும். 261.42-ஐக் கழித்தால் 152.2 எஞ்சும். இது 261.42-இல் 58.2 சதவிகிதம். தசம பின்னம் விடப்பட்டு, 2025 ஜூலை 1 முதல் விகிதம் 58 என நிர்ணயிக்கப்பட்டது. ஜனவரி விகிதத்திற்கு அதற்கு முந்திய நாட்காட்டி ஆண்டின் சராசரி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒவ்வொரு முறையும் தசமத்தை விடுவதால் இழப்பு பெருகிக்கொண்டே போகுமோ என்ற ஐயம் எழலாம். அப்படி நேர்வதில்லை. அடுத்த கணக்கும் அதே 261.42-இலிருந்து தொடங்குவதால், விடுபட்ட பின்னம் அடுத்த முறை தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்னதாகவே மொத்தமாகத் தொகுத்துப் பெற்றவருக்கும், தொகுப்பதற்கு முன்னிருந்த முழு ஓய்வூதியத்தின் மீதே நிவாரணம் கணக்கிடப்படுகிறது.

2016 ஜனவரி 1 அன்று 10,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் பெற்றவர் 2025 ஜூலையில் பெறுவது 15,800 ரூபாய். செய்தித்தாள் இதை உயர்வு என்கிறது. நிவாரணம் இல்லாதிருந்தால் அவருடைய 10,000 ரூபாய், 2016-இல் 6,330 ரூபாய் வாங்கியதை மட்டுமே வாங்கியிருக்கும். 5,800 ரூபாயைக் கூட்டியதன் பயன், அவர் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார் என்பதே.

அளவுகோலின் குறைகள்

இம்முறை குறையற்றது எனக் கூறுவதற்கில்லை. முதற்குறை காலத்தாழ்வு. பன்னிரண்டு மாத சராசரியைக் கொள்வதால், விகிதம் நடைமுறைக்கு வரும் நாளிலேயே அது சுமார் ஆறு மாதம் பழைய விலைகளைக் குறிக்கிறது. அறிவிப்பும் பின்னரே வருகிறது. 2025 ஜூலைக்குரிய உயர்வுக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது அக்டோபர் 1 அன்று. நிலுவைத் தொகை கொடுக்கப்பட்டுவிடுகிறது என்றாலும், விலை மிக வேகமாக ஏறும் ஆண்டுகளில் இடைவெளி கனமாகிறது.

இரண்டாவது குறை, அளவுகோல் யாருடைய வாழ்க்கையை அளக்கிறது என்பதைப் பற்றியது. இக்குறியீட்டெண் தொழிலாளர் குடும்பத்தின் செலவை அளப்பது. 2001 வரிசையில் உணவின் பங்கு 46.20 சதவிகிதம், 2016 வரிசையில் உணவு, பானங்களின் பங்கு 39.17 சதவிகிதம். வீட்டு வசதிக்கு 16.87, ஆடை, காலணிக்கு 6.08, எரிபொருள், வெளிச்சத்திற்கு 5.50 சதவிகிதம் ஒதுக்கப்பட்டுள்ளது. மருத்துவம், கல்வி, போக்குவரத்து போன்றவை அடங்கிய பல்வகைச் செலவின் பங்கு 30.31 சதவிகிதம். எழுபத்தைந்து வயதுடைய ஒருவரின் வரவுசெலவு இவ்வாறு அமைவதில்லை. பள்ளிக் கட்டணமும் பணியிடத்திற்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும் அவருக்கு இல்லை. மருந்து, பரிசோதனை, துணைக்கு ஆள் ஆகியவையே அவருடைய செலவைப் பெருக்குகின்றன. மத்திய அரசின் மருத்துவத் திட்ட வசதி இல்லாத இடங்களில் வாழ்வோருக்கு அளிக்கப்படும் நிலையான மருத்துவப்படி, 2017 ஜூலையில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அகவிலை நிவாரணத்தைப் போல அது ஆண்டுதோறும் தானே உயர்வதில்லை. எண்பது வயதில் 20 சதவிகிதம் தொடங்கி, நூறு வயதில் நூறு சதவிகிதம் வரை அளிக்கப்படும் கூடுதல் ஓய்வூதியம் இக்குறையை ஓரளவு நிறைவு செய்கிறது. எண்பதை எட்டுவதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

நின்றுபோன பதினெட்டு மாதங்கள்

விதி எவ்வளவு உறுதியானது என்பது நெருக்கடியில்தான் தெரியும். கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில் வெளியான ஆணையின்படி, 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளும் நிறுத்தி வைக்கப்பட்டன. விகிதம் 17 சதவிகிதத்திலேயே நின்றது. 2021 ஜூலை முதல் மூன்று தவணைகளும் சேர்க்கப்பட்டு 28 சதவிகிதமாயிற்று. ஆனால் இடைப்பட்ட பதினெட்டு மாதங்களுக்கான நிலுவை வழங்கப்படவில்லை. இதனால் அரசுக்கு மிச்சமான தொகை சுமார் 34,402 கோடி ரூபாய் என அரசே தெரிவித்தது.

அந்நாட்களில் குடும்ப ஓய்வூதியம் பெறும் மூதாட்டி ஒருவர் தமது வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் என்னிடம் வந்தார். "ஐயா, நின்றுபோன பணம் எப்போது வரும்?" என்று கேட்டார். "அது வராது அம்மா, இனிமேல் வருவது மட்டும் கூடியிருக்கிறது" என்றேன். அவர் பெற்றது குறைந்தபட்ச ஓய்வூதியமான 9,000 ரூபாயும் அதன் மீதான நிவாரணமும். இருவரும் தாளில் கணக்கிட்டோம். முதல் ஆறு மாதங்களுக்கு 4 சதவிகிதம் வீதம் 2,160 ரூபாய். அடுத்த ஆறு மாதங்களுக்கு 7 சதவிகிதம் வீதம் 3,780 ரூபாய். கடைசி ஆறு மாதங்களுக்கு 11 சதவிகிதம் வீதம் 5,940 ரூபாய். ஆக மொத்தம் 11,880 ரூபாய். அவர் அப்போது பெற்றுவந்த மாதத் தொகை 10,530 ரூபாய். ஒரு மாத ஓய்வூதியத்தைவிடக் கூடுதலான தொகை அது. அவர் தாளை மடித்துப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு, "ஊருக்கே கஷ்டம் வந்தபோது நமக்கும் வந்தது" என்று சொல்லிச் சென்றார்.

அந்த மூதாட்டி தமது பங்கை ஏற்றுக்கொண்டார். நிதி நெருக்கடி உண்மையானது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஓய்வூதியத்திற்கும் 9,000 ரூபாய்க்கும் ஒரே அளவுகோலால் நிறுத்தம் செய்யப்பட்டது என்பதைச் சிந்திக்க வேண்டும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் ஆண்டு உயர்வு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1975 முதல் தானாகவே நிகழ்கிறது. குறியீட்டெண் உயராததால் 2010, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கு உயர்வு இல்லை; அதுவும் விதியின்படியே. நமது முறையிலோ கணக்கு விதிப்படி அமைந்தாலும், ஒவ்வொரு தவணைக்கும் அமைச்சரவையின் முடிவு தேவைப்படுகிறது. மாநில அரசுகளும் தத்தம் நிதிநிலையைப் பொறுத்துத் தனியே முடிவெடுக்கின்றன.

வட்டத்திற்கு வெளியே

இதுவரை கூறியவை அனைத்தும் பாதுகாப்பு உள்ளவர்களைப் பற்றியவை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்கள், ஆயுதப் படையினர் நீங்கலாக, புதிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். அதில் அகவிலை நிவாரணம் கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், அதைத் தேர்ந்தெடுப்போருக்கு உறுதியான ஓய்வூதியத்தையும் அதன் மீது அகவிலை நிவாரணத்தையும் மீண்டும் அளிக்கிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் விலைவாசிப் பாதுகாப்பு திரும்பி வந்திருப்பது, அதன் இன்றியமையாமைக்குச் சான்றாகும்.

தனியார் துறைத் தொழிலாளர்களின் நிலை வேறு. 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு அகவிலை நிவாரணம் இல்லை. 2014-இல் சுமார் 247 ஆக இருந்த குறியீட்டெண், 2001 வரிசைப்படி 2024-இல் சுமார் 407 ஆயிற்று. ஆகவே 2014-இன் 1,000 ரூபாய், 2024-இல் 600 ரூபாய்க்குச் சற்றே மேற்பட்ட மதிப்புடையதாகிவிட்டது.

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கான இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், 2007-இல் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. எண்பது வயதைக் கடந்தோருக்குப் பின்னர் 500 ரூபாயாக்கப்பட்டது. அதற்குக் குறைந்த வயதினருக்கு 200 ரூபாயே நீடித்து வந்துள்ளது. 2007-இன் சராசரிக் குறியீட்டெண் ஏறத்தாழ 131. இதே அளவுகோலால் அளந்தால், 2024-இல் அந்த 200 ரூபாய் 64 ரூபாயின் மதிப்பையே பெற்றிருந்தது. மதிப்பைக் காப்பதற்கு மட்டும் சுமார் 620 ரூபாய் வழங்கியிருக்க வேண்டும். பல மாநிலங்கள் தமது நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்த்து வழங்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் அத்தொகைகளும் விலைக் குறியீட்டெண்ணுடன் பொதுவாக இணைக்கப்படுவதில்லை.

சுமையும் கடமையும்

2025 ஜூலையில் 3 சதவிகித உயர்வினால் ஊழியர்கள் சுமார் 49 லட்சம் பேரும் ஓய்வூதியம் பெறுவோர் சுமார் 69 லட்சம் பேரும் பயனடைந்தனர். அதற்கான ஆண்டுச் செலவு சுமார் 10,084 கோடி ரூபாய். இத்தொகை வரி செலுத்துவோரிடமிருந்து வருகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு விலைவாசியுடன் இணைந்த ஓய்வூதியம் எதுவும் இல்லை. ஆகவே செலவைப் பற்றிய கேள்வி நியாயமானதே. அதற்கு விடை, பாதுகாப்பு பெற்றவர்களிடமிருந்து அதைப் பறிப்பதாக இருக்க முடியாது. பாதுகாப்பு அற்றவர்களுக்கு அதே நியதியைப் படிப்படியாக விரிவுபடுத்துவதே ஏற்ற வழி என்பது என் கருத்து.

மூன்று யோசனைகளை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன். முதலாவது, முதியோரின் செலவு முறையை அளக்கும் தனிக் குறியீட்டெண் ஒன்றைத் தயாரிக்கலாம். உடனே அதை நடைமுறைப்படுத்தாவிட்டாலும், இப்போதைய அளவுகோல் எவ்வளவு விலகுகிறது என்பதையாவது அது காட்டும். இரண்டாவது, நெருக்கடியில் நிறுத்தம் தவிர்க்க முடியாததாகும்போது, குறைந்த ஓய்வூதியம் பெறுவோருக்கு விலக்கு அளிக்கும் விதியை முன்னதாகவே வகுத்து வைக்கலாம். மூன்றாவது, ரூபாயில் நிலையாக நிர்ணயிக்கப்பட்ட ஒவ்வொரு ஓய்வூதியத்திற்கும், கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டையும் இன்றைய மதிப்பையும் வரவுசெலவுத் திட்ட ஆவணங்களில் ஆண்டுதோறும் வெளியிடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. 200 ரூபாய்க்கு அருகில் 64 என்ற எண் அச்சிடப்படுமானால், தொகையை அப்படியே விடுவதும் ஒரு குறைப்பே என்பதை அனைவரும் காண முடியும்.

இங்குள்ள மாணவர்கள் இந்தக் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். குறியீட்டெண் மாதந்தோறும் வெளியாகிறது. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். அலுவலர்களாகிய நீங்கள், நிவாரண ஆணை உங்கள் மேசைக்கு வரும்போது அதைக் காலம் தாழ்த்தாமல் நிறைவேற்றுங்கள். அந்த மூதாட்டியைப் போன்ற ஒருவர் கணக்குப் புத்தகத்துடன் வந்து நின்றால், அவரை உட்கார வைத்து, அவருக்குரிய தொகை எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.